முற்றத்துக் கிரில்லும் 'தெத்' என்ற சொல்லும்

1

யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணர் ஒருவர் தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் தவறாமல் கேட்பார்: "உங்கை வீடுகளுக்கு அரசாங்கம் காஸை இலவசமாத்தானே தருகுது?" நோர்வே கடலுக்கடியில் எண்ணெயும் எரிவாயுவும் கொழிக்கிற நாடு, ஆகவே இங்கே ஒரு குழாயைத் திறந்தால் தண்ணீரும் மற்றதைத் திறந்தால் காஸும் வரும் என்பது அவருடைய எண்ணம். அவரைக் குறை சொல்ல முடியாது. வருவதற்கு முன் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இந்த நாட்டுக் காஸ் கடலடிக் குழாய் வழியே ஜெர்மனிக்குப் போகிறது, இங்கிலாந்துக்குப் போகிறது. வடக்கே ஹம்மர்பெஸ்டில் அதைக் குளிரவைத்துத் திரவமாக்கிக் கப்பலிலும் ஏற்றி அனுப்புகிறார்கள். ஒஸ்லோவில் இருக்கிற எங்களுக்கு எல்லாம் மின்சாரம்தான். சோறு வேகிறதும் வீடு சூடாகிறதும் குளிக்கத் தண்ணீர் கொதிக்கிறதும் மின்சாரத்தில். கோடை வந்தால் மட்டும் நோர்வேஜியர்கள் பெற்றோல் நிலையத்துக்குப் போய் ஒரு காஸ் சிலிண்டரைக் குழந்தையைப் போல அணைத்துத் தூக்கி வந்து, முற்றத்தில் இறைச்சி வாட்டுவார்கள். ஐரோப்பாவின் பாதி அடுப்பை எரிக்கிற நாட்டில் காஸ் வாங்கும் முறை இதுதான்.

எங்கள் வீடு இதற்குக் கொஞ்சம் விலக்கு. எல்லிங்ஸ்ருட்டில் நாங்கள் இருக்கும் வரிசை வீடுகளுக்குப் பொதுவாக நிலத்துக்கடியில் ஒரு புரொப்பேன் தாங்கியைப் புதைத்திருக்கிறார்கள். அதிலிருந்து ஒவ்வொரு வீட்டின் பின்முற்றத்துக்கும் மெல்லிய குழாயொன்று வந்து, சுவரில் ஒரு சிறிய மூடிக்குள் முடிகிறது. வீடு வாங்கிய நாளிலிருந்து நாங்கள் அந்த மூடியைத் திறந்ததில்லை. பழைய தொலைபேசிக் கம்பியாக்கும் என்று என் மனைவி வதனி சொன்னாள். நானும் ஆமோதித்துவிட்டு இருந்துவிட்டேன்.

அப்படியே இருந்திருக்கலாம். ரொறொன்ரோவில் இருக்கும் வதனியின் தம்பி குமரன் ஒரு வீடியோ அனுப்பினான். பின்முற்றம், பளபளக்கும் கிரில், அதன் மேல் ஒரு முழு ஆட்டின் பெரும்பகுதி. "அத்தான், வடிவாப் பாருங்கோ. சிலிண்டரும் இல்லை, மாத்திற கரைச்சலும் இல்லை. வீட்டு லைனிலையே நேரே குடுத்திட்டன்!"

வதனி அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஜூலையில் எங்கள் கலியாணத்தின் முப்பதாவது வருடம் வருகிறது. மூடியைத் திறந்து பார்ப்பது என்று அன்று பின்னேரமே முடிவாயிற்று. மைத்துனன் வீட்டில் இருப்பது நம் வீட்டில் இல்லாவிட்டால் நாங்கள் தூரதேசம் வந்து என்ன பிரயோசனம்?

2

இந்த இடத்தில் என் மகள் ஆரணியைப் பற்றிச் சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது.

அவள் இங்கே பிறந்தவள். தமிழ்த் தாய்தகப்பன் எல்லோரையும் போல நாங்களும் பிள்ளை டொக்டராக வேண்டும், தவறினால் எஞ்சினியராக வேண்டும் என்று நேர்ந்துகொண்டோம். எஞ்சினியரானாள். ஆனால் எங்கே வேலை என்று நேரும்போது குறிப்பிட்டுச் சொல்ல மறந்துவிட்டோம். அவளுக்கு ஹம்மர்பெஸ்டில் காஸ் ஆலையில் வேலை கிடைத்தது, பாதுகாப்புப் பிரிவில்.

ஹம்மர்பெஸ்ட் எனக்குப் புதிய இடமில்லை. அகதியாக வந்து இறங்கிய காலத்தில் எனக்கு முதல் வேலை கிடைத்தது அந்தப் பக்கத்து மீன் தொழிற்சாலை ஒன்றில்தான். குளிர்காலத்தில் சூரியன் எட்டியும் பார்க்காத ஊர். கொட் மீனை வெட்டி வெட்டி, கனவிலும் மீனே வந்தது. எப்போது தெற்கே போகலாம் என்று காத்திருந்து, வழி கிடைத்ததும் ஓடிவந்தவர்களில் நானும் ஒருவன். நான் தப்பி வந்த ஊருக்கு என் மகள் படித்துப் பட்டம் பெற்றுப் போனாள்.

இலையுதிர் காலத்துக்குள் அவள் ஒரு முடிவு சொல்ல வேண்டியிருந்தது: அங்கேயே நிரந்தரமாக இருப்பதா, ஒஸ்லோ அலுவலகத்துக்கு மாறி வருவதா. மாறி வருவாள் என்ற நம்பிக்கையில் மேல்மாடி அறையின் யன்னல் சீலையை வதனி புதிதாக மாற்றி வைத்திருந்தாள். நான் வெளியே ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை. கலியாண நாளுக்கு வருவாயா என்று கேட்டதற்கு, கோடையில்தான் ஆலையை நிறுத்திப் பராமரிப்பு வேலை செய்வார்கள், வரமுடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

சொன்னாள் என்பது பெரிய வார்த்தை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கதைப்பது இவ்வளவுதான்:

"சாப்பிட்டியோ பிள்ளை?"

"ஓம் அப்பா."

"குளிரோ?"

"ஓம்."

"சரி, அம்மாட்டைக் குடுக்கிறன்."

எங்களுக்குள் கோபமோ மனஸ்தாபமோ கிடையாது. என் அப்பாவும் நானும் தொலைபேசியில் கதைத்ததையெல்லாம் சேர்த்தாலும் ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிடும். அது எங்கள் குடும்ப வழக்கம் என்று நினைத்திருந்தேன்.

அந்த ஞாயிறு, குளிரோ என்று கேட்டு முடிந்ததும், வாய்தவறிச் சொன்னேன்: "பின்முற்றத்துக் காஸ் குழாயிலை ஒரு கிரில் பூட்டலாமெண்டு பாக்கிறன்."

மறுமுனையில் ஒரு மாற்றம். "அப்பா, கொஞ்சம் பொறுங்கோ. என்ன காஸ் அது? கிரில் எந்தக் காஸுக்கெண்டு செய்தது? குழாய்க்குப் பக்கத்திலை யெல்லர் யன்னல் இருக்கோ?"

யெல்லர் என்றால் நிலவறை. எங்கள் பிள்ளைகள் தமிழில் தொடங்கி, தேவையான பெயர்ச்சொல்லை நோர்வேஜிய மொழியில் எடுத்துப் போட்டு, மீண்டும் தமிழில் முடிப்பார்கள். ஆரணி கதைத்தாள், கதைத்தாள், என் தேத்தண்ணி ஆடை கட்டும்வரை கதைத்தாள். வதனி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஆரோடை இவ்வளவு நேரம்?"

"மகளோடை."

அவள் நம்பவில்லை. போனை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தாள்.

3

அதன் பிறகு எனக்குக் கிரில்லின் மேல் வந்த அக்கறைக்குக் காரணம் இறைச்சி அல்ல என்பதை நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

கிரில்லை இணையத்தில் பழசாக வாங்கினேன். ஸ்தவாங்கர் பக்கத்திலிருந்து ஒஸ்லோவுக்கு மாறி வந்த ஒருவர் விற்றார். நாலு அடுப்பு, பெரிய மூடி, நாலு சில்லு. வீட்டுக்குக் கொண்டுவந்து, அதன் அடியில் ஒட்டியிருந்த தகட்டைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினேன். அடுத்த நிமிடமே போன் வந்தது. ஆரணி தானாக எனக்குப் போன் எடுத்தது எத்தனை வருடத்துக்குப் பிறகோ தெரியாது.

"அப்பா, இதைப் பூட்டாதேங்கோ! இது இயற்கை வாயுவுக்குச் செய்தது. அங்கத்தைப் பக்கம் சில வீடுகளுக்கு அந்தக் காஸ்தான் போகுது. உங்கடை முற்றத்திலை வாறது புரொப்பேன். இதிலை அடுப்புக்குக் காஸ் வாற மூக்கு ஓட்டை பெரிசு. புரொப்பேன் அதுக்குள்ளாலை வந்தால் நெருப்பு உங்கடை தலைக்கு மேலை போகும்."

"அப்ப என்ன செய்யிறது?"

"மூக்கெல்லாம் மாத்த வேணும். செய்த கொம்பனியிட்டை புரொப்பேன் மூக்கு இருக்கோ எண்டு கேட்டு எடுங்கோ. இல்லையெண்டால் கிரில்லைத் திருப்பிக் குடுங்கோ. நீங்களாத் துளைக்கிறது, அடைக்கிறது ஒண்டும் வேண்டாம்."

துளைக்கிற யோசனை எனக்கு இருந்தது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ!

இன்னொன்றும் அன்று படித்தேன். இயற்கை வாயு பாரம் குறைந்தது. கசிந்தால் மேலே போய்விடும். புரொப்பேன் பாரமானது, நிலத்தோடு தவழ்ந்து, பள்ளம் எங்கேயென்று தேடிப் போய்ப் படுத்துக்கொள்ளும். அதனால்தான் நிலவறை யன்னலைப் பற்றி அவள் முதலில் கேட்டிருக்கிறாள். எங்கள் நிலவறை யன்னல் அந்தக் குழாயிலிருந்து இரண்டு முழம்கூட இல்லை. அன்றே அதை இறுகப் பூட்டினேன்.

பிறகு அனுமதி. எங்கள் வரிசை வீடுகளின் நிர்வாகக் குழுத் தலைவி பேரித் என்ற ஓய்வுபெற்ற பெண்மணி. வதனி அவரைப் 'பேரீச்சை அக்கா' என்று சொல்வாள், வீட்டுக்குள் மட்டும். பேரித் ஒரு கோப்பி குடித்து முடிப்பதற்குள் எல்லா விதிகளையும் சொன்னார். சுவரிலிருக்கும் குழாயையும் அதன் திறப்பு வால்வையும் அங்கீகாரம் பெற்ற காஸ் வேலைக்காரரைத் தவிர யாரும் தொடக்கூடாது. வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்ததால் அவர் வந்து சோதித்து எழுதித் தந்த பிறகுதான் திறக்கலாம். திறப்புக்கு வெளியே இருப்பதெல்லாம், அதாவது ரப்பர் குழாயும் கிரில்லும் அவற்றின் பாவபுண்ணியமும், என் பொறுப்பு.

ஆனால் ஜூலை நெருங்கிவிட்டது. ஜூலையில் இந்த நாடு பூட்டிவிட்டுக் காட்டுவீடுகளுக்குப் போய்விடும். பல்லு வலித்தாலும் ஓகஸ்ட் வரை பொறுக்க வேண்டும். நான் போன் எடுத்த மூன்று காஸ் வேலைக்காரர்களில் ஒருவர் ஏற்கெனவே படகில் இருந்தார். பின்னணியில் கடற்காகம் கத்தியது. கடைசியாக ஒருவர், விடுமுறைக்குப் போகும் வழியில், காரின் பின்னால் படகைக் கொழுவிக்கொண்டே வந்தார். குழாயைச் சோதித்தார், அமுக்கம் பார்த்தார், கொம்பனியிலிருந்து தபாலில் வந்த மூக்குகளை மாற்றினார், கையெழுத்து வைத்தார். "ரப்பர் குழாயைப் பூட்டும் ஒவ்வொரு முறையும் சவர்க்காரத் தண்ணி பூசிப் பார், ஒழுகினால் குமிழி எழும்பும்" என்றுவிட்டுப் படகோடு போய்விட்டார்.

இவ்வளவு நாளும் நான் மகளிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன். குழாய் வெயிலில் கிடக்கலாமோ? பற்றவைக்கும்போது மூடி திறந்திருக்க வேண்டுமோ? (திறந்துதான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காஸ் உள்ளே கூடி நின்று, பற்றவைக்கும்போது மூடியைத் தூக்கி அடிக்கும்.) குழாயின் நீளம் எவ்வளவு இருக்கலாம்? இதை மறதிக்காரன் போல மூன்று தரம் கேட்டேன். வதனிக்குப் பொறாமை வந்து, அவளும் போனை வாங்கி, "பிள்ளை, அந்த வால்வு எப்பிடி இருக்கு?" என்று சுகம் விசாரிக்கத் தொடங்கினாள்.

4

எங்கள் ஊரில் இவ்வளவு ஆராய்ச்சி கிடையாது. கொழும்பிலிருந்து எங்கள் வீட்டுக்கு முதல் காஸ் சிலிண்டர் வந்தபோது அம்மா அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தார். அயலட்டைச் சனம் வந்து பார்த்துவிட்டுப் போனது. சமையல் வழக்கம் போல விறகில்தான். யாராவது பெரிய மனிதர்கள் வந்தால் மட்டும் அவர்கள் பார்க்கக்கூடியதாகத் தேத்தண்ணி காஸில் கொதித்தது. பிறகு சண்டையில் பாதை பூட்டுப்பட்டு, காஸ் வருவதும் நின்றது. வெறும் சிலிண்டரை வாசல் படலை ஆடாமல் இருக்க முண்டுகொடுத்து வைத்திருந்தோம். அந்த வேலையை அது திறமாகச் செய்தது.

கசிவு பார்க்கிற பொறுப்பு சின்ன மாமாவுடையது. சிலிண்டர் பூட்டியதும் ஒரு நெருப்புக் குச்சியைக் கிழித்துக் குழாய் நெடுகப் பிடித்துக்கொண்டு போவார். பற்றாவிட்டால் ஒழுக்கு இல்லை. பற்றினால் ஒழுக்கு இருக்கிறது. இதை நான் ஆரணிக்குச் சொன்னேன்.

"அப்பா, அந்த மாமா இப்ப இருக்கிறாரோ?"

"இருக்கிறார். கனடாவிலை."

"நீங்கள் அப்பிடிச் செய்ய மாட்டியள்தானே?"

"சீ, எனக்கென்ன விசரோ?"

அவள் சிரித்தாள். என் மகளின் சிரிப்பு தொலைபேசியில் இப்படி இருக்கும் என்று அன்றுதான் கேட்டேன்.

5

இனி 'தெத்' என்ற சொல்லுக்கு வருவோம். தெத்துப்பல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது நோர்வேஜியச் சொல்.

ஹம்மர்பெஸ்டிலிருந்து ஓடிவந்த பிறகு, ஓய்வெடுக்கும்வரை, அம்மருட்டில் உயர்மாடி வீடுகளுக்குப் பராமரிப்பாளராக இருந்தேன். போன் அடித்தால் வருவது ஒரே முறைப்பாடு: கழிப்பறை தெத், குளியலறை வாய்க்கால் தெத், குசினித் தொட்டி தெத். தெத் என்றால் அடைப்பு. எந்த அகராதியும் பார்த்து நான் படிக்கவில்லை. கையை விட்டுப் படித்தேன். அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றும் என் கை ரப்பர் கையுறையைத் தேடும்.

கலியாண நாளன்று சனிக்கிழமை காலை, ஆரணியைப் போனில் வைத்துக்கொண்டே ரப்பர் குழாயைப் பூட்டினேன். கிளிப்பை இறுக்கினேன். கிரில்லின் குமிழ்களைப் பூட்டிவிட்டு, சுவர்த் திறப்பைத் திறந்து, தூரிகையால் சவர்க்காரத் தண்ணி பூசினேன். ஒரு குமிழிகூட எழும்பவில்லை. பிறகு, காஸ் மூக்குகளுக்கு வந்து சேர்கிறதா என்று பார்க்க கிரில்லின் ஒரு குமிழைச் சற்றே திருகித் திறந்து, திரும்பப் பூட்டினேன். மெல்ல இரைந்தது. காஸ் மணம் மூக்கில் அடித்தது. எல்லாம் திறம்.

மகள் கேட்டாள்: "அப்பா, எல்லா இடமும் தெத்தோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை வருட அனுபவம்! நான் பூட்டிய குழாய் அடைக்குமா?

"சீச்சீ! ஒரு இடமும் தெத் இல்லை!"

"என்னது? தெத் இல்லையோ?"

"இல்லவே இல்லை. நல்லா வருது!"

"அப்பா, மணக்குதோ?"

"ஓம், நல்லா மணக்குது."

அவள் குரல் மாறிவிட்டது. "பூட்டுங்கோ! சுவர்த் திறப்பை உடனே பூட்டுங்கோ! ஒரு சுவிச்சும் தொடாதேங்கோ. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளியிலை ஓடுங்கோ. போனை நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டிப்போட்டு தூரப் போய்..."

நான் சொற்கேட்கிற தகப்பன். அந்த இடத்திலேயே போனை நிறுத்திவிட்டேன். திறப்பைப் பூட்டினேன். வதனி இறைச்சிக்கு மிளகாய்த்தூள் பிரட்டிக்கொண்டிருந்தாள். அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன். அவள் இறைச்சிச் சட்டியை விடாமல் ஓடிவந்தாள். அவளுடைய போன் வீட்டுக்குள் மின்சாரத்தில் கொழுவியிருந்தது. தொடக்கூடாதல்லவா? என் போனையும் நம்பாமல், தெரு முனையில் இருந்த எங்கள் வீட்டுத் தபால் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

பேரித்தின் கதவைத் தட்டி "காஸ், காஸ்!" என்றேன். அவர் தீயணைப்புப் படையை அழைத்து, விடுமுறைக்குப் போகாமல் மிஞ்சியிருந்த எல்லோரையும் வெளியேற்றினார். வருடக்கணக்காகத் தலையாட்டலோடு நின்ற அயலவர்கள் முதல் தடவையாக எங்களோடு ஒரே புல்தரையில் நின்றார்கள். கடைசி வீட்டில் இருக்கும் கணினிக்காரத் தம்பி செந்தில், மதுரைக்காரர், ஓடிவந்தார்.

"என்ன சார், கேஸ் லீக்கா?"

"அப்பிடித்தான் மகள் சொல்லுறா."

"மக எங்க இருக்காங்க?"

"ஹம்மர்பெஸ்டிலை."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

தீயணைப்பு வண்டி வந்தது. இரண்டு பேர் கருவியைப் பிடித்துக்கொண்டு முற்றமெல்லாம் முகர்ந்தார்கள். திறப்பைத் திறந்து, என் சவர்க்காரத் தண்ணியையே வாங்கிப் பூசிப் பார்த்தார்கள். பிறகு பெரியவர் என்னிடம் வந்து, முகம் மலரச் சொன்னார்: "முழுக்கத் தெத்!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தெத் இல்லை! நல்லாத்தான் வருகிறது, நான் திறந்து பார்த்தேன்!" என்று அவர் மொழியிலேயே சொன்னேன். அவர் மீண்டும் தெத் என்றார். நான் இல்லை என்றேன். அவர் கருவியை எடுத்துக்கொண்டு இரண்டாம் தரம் முற்றமெல்லாம் முகர்ந்துவிட்டு வந்து, கொஞ்சம் சந்தேகத்தோடு, தெத் என்றார்.

பேரித்தே இடையில் வந்து விளக்கினார். தெத் என்றால் எதுவும் வெளியே போகாது என்று அர்த்தம். கழிப்பறைக்கு அது வியாதி. காஸ் குழாய்க்கு அதுதான் ஆரோக்கியம். மகள் கேட்டது, எங்கேயும் ஒழுகவில்லைத்தானே என்று. நான் சொன்னது, எல்லா இடமும் ஒழுகுகிறது என்று.

இந்த நாட்டில் இத்தனை வருடம் இருந்து, வரி கட்டி, குடியுரிமைச் சோதனையும் எழுதிய நான் ஒரு சொல்லின் பாதியைத்தான் இவ்வளவு காலமும் வைத்திருந்திருக்கிறேன். மற்றப் பக்கத்தில், ஆரணியை நாங்கள் வருடக்கணக்காகச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பினோம். பரிசெல்லாம் வாங்கினாள். 'ஒழுகுது' என்ற ஒரு சொல்லை அங்கே யாரும் படிப்பிக்கவில்லை. நானும் வீட்டில் படிப்பிக்கவில்லை.

6

தீயணைப்புக்காரர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். சனம் போகவில்லை. வதனியின் கையில் இறைச்சிச் சட்டி இருந்தது, அதன் மணத்தில் எல்லோருக்கும் பசி வந்துவிட்டது. ஆகவே மூடியைத் திறந்து வைத்து, முறைப்படி பற்றவைத்தேன். பேரித் உருளைக்கிழங்குச் சலாதும் செந்தில் தயிர்ச்சாதமும் கொண்டுவந்தார்கள்.

மகளுக்குப் போன் எடுத்திருக்க வேண்டும். தெரியும். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. ஒரு சொல் விளங்காமல் தெருவையே கிளப்பிவிட்டேன் என்று, காஸ் ஆலையின் பாதுகாப்பு எஞ்சினியரிடம் எந்த முகத்தோடு சொல்வது? சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம், சனம் போகட்டும் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டிருந்தேன். நான் எடுத்திருப்பேன் என்று வதனி நினைத்துக்கொண்டிருந்தாள். போன் தபால் பெட்டிக்குள் கிடந்தது.

வெயில் இன்னும் சாயாத பின்னேரம், கையில் இடுக்கியோடு கிரில்லுக்கு முன்னால் நின்றேன். வேலிப் பக்கம் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. ஆலைச் சட்டையோடு, பையும் இல்லாமல், என் மகள் இறங்கினாள்.

வந்தவள் எங்களைப் பார்க்கவில்லை. நேரே போய்ச் சுவர்த் திறப்பைப் பூட்டினாள். பிறகுதான் திரும்பினாள். அவள் முகத்தை நான் அப்படி ஒருநாளும் கண்டதில்லை.

"போனை ஏன் நிப்பாட்டினனீங்கள்?"

"நீதானே பிள்ளை சொன்னனீ."

"வெளியிலை போய்த் திருப்பிப் போடச் சொல்ல வந்தனான்! நூறு தரம் எடுத்தனான் அப்பா! அம்மாவும் எடுக்கேல்லை. தீயணைப்பிலை கேட்டால், படை போயிருக்கு எண்டு மட்டும் சொல்லுகினம். ரெண்டு பிளேன் மாறி வந்தனான், ரெண்டு பிளேன்! வானத்திலை எனக்கு என்னவெல்லாம்..."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. என் நெஞ்சில் ஒரு குத்து விட்டுவிட்டு, அந்த இடத்திலேயே முகத்தை வைத்து அழுதாள். இடுக்கியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். வெட்கமாக இருந்தது. அதே நேரம், சொல்லக்கூடாது, அவ்வளவு சந்தோசமாகவும் இருந்தது. வதனி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன்னைக் கூப்பிடத் தீயணைப்புப் படை வேணுமெண்டு முதலே தெரியாமல் போச்சே" என்றாள்.

'தெத்' விவகாரத்தை இரவே அவளுக்குச் சொல்லியிருந்தேன். அடுத்த நாள் காலை ஆரணி ஒவ்வொரு பூட்டையும் தானே சவர்க்காரத் தண்ணி பூசிப் பார்த்தாள். குந்தியிருந்தபடியே சொன்னாள்: "சரியாத்தான் செய்திருக்கிறியள்."

"நீ சொல்லித் தந்தபடிதான்."

"அப்பா, அரைவாசிக் கேள்விக்கு உங்களுக்கே விடை தெரியும். குழாயின்ரை நீளத்தை மூண்டுதரம் கேட்டனீங்கள்."

மாட்டுப்பட்டேன். "தெரிஞ்சும் பிறகேன் சொன்னனீ?"

"வேறை என்னத்தைக் கதைக்கிறது அப்பா உங்களோடை? சாப்பிட்டியோ எண்டு கேப்பியள், ஓம் எண்டுவன். அதோடை முடிஞ்சுது."

தூரிகையை வாளிக்குள் போட்டுவிட்டு எழுந்தாள். எனக்கு அப்போதே விளங்கியது, இன்னொன்று வரப்போகிறதென்று.

"நான் அங்கைதான் இருக்கப் போறன். போன கிழமை எழுதிக் குடுத்திட்டன். ஒரு சின்ன வீடும் பாத்திருக்கிறன், கடலுக்குக் கிட்ட."

"அந்த இருட்டுக்குள்ளையோ? பிள்ளை, நான் அங்கையிருந்து தப்பி வந்தனான்!"

"உங்களுக்குப் போக வேண்டி வந்தது அப்பா. நான் விரும்பிப் போனனான்."

வலித்தது. மேல்மாடி யன்னல் சீலையைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தேன். அதை அவள் ஏற்கெனவே பார்த்திருப்பாள். இரவு அந்த அறையில்தான் படுத்தாள். "அம்மாவுக்கு நீயே சொல்லு" என்றேன். சொன்னாள். வதனி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. மறுநாள் விமான நிலையத்துக்குப் போகும் ரயிலடிவரை மகளின் கையைப் பிடித்தபடியே வந்தாள்.

7

கிரில் நன்றாக எரிகிறது. குமரனுக்கு வீடியோ அனுப்பிவிட்டோம். அவன் இப்போது இரண்டாவது கிரில் பார்க்கிறானாம். ஊரிலிருக்கும் அண்ணருக்கும் விளக்கினேன், எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப இலவசம்தானே?" என்றார்.

ஆரணி போன பிறகு ஒரு புதன்கிழமை, வேலை முடியும் நேரம் பார்த்து, போனைக் கையில் எடுத்தேன். பனிக்காலத்தில் ரப்பர் குழாயைக் கழற்றி உள்ளே வைக்க வேண்டுமா என்று கேட்பதற்கு ஆயத்தமாக இருந்தேன். நல்ல கேள்வி. அரை மணித்தியாலம் போகும். இலக்கத்தை அழுத்தும்போதுதான் அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். "என்னப்பா, என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை."

"காஸ்?"

"பூட்டிக் கிடக்கு."

"அம்மா?"

"கோயிலுக்குப் போயிட்டா."

"பிறகென்ன அப்பா?"

"ஒண்டுமில்லை பிள்ளை. சும்மாதான் எடுத்தனான்."

அந்தப் பக்கம் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவள் இருக்கிற சத்தம் கேட்டது.